பிரெஞ்சு தேசத்தில் இருநூறு வருஷமாய் ஒரே குடும்பத்தார் கையிலுள்ள திராட்சைப் பண்ணை

போர்டோக் கலவை என்ற பெயரை அறியாத கொடிக்கால்காரரும் தோட்டக்காரரும் நம் பக்கங்களில் இரார். மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரிற் கரைத்துக் கூட்டிய அந்த நீல மருந்து, வெற்றிலைக் கொடியின் வாடல் நோய்க்கும், பாக்கு மரத்தின் காய் அழுகலுக்கும், உருளைக் கிழங்கின் இலைக் கருகலுக்கும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதற்குப் பெயர் தந்த ஊர், பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்கிலுள்ள போர்தோ என்னும் துறைமுக நகரமாகும். அந்நகருக்கு வடக்கே ஜிரோந்து என்னும் அகன்ற கழிமுகத்தின் இடக்கரையில் மேதோக் என்ற நாடு நீண்டு கிடக்கிறது. அந்நாட்டின் நடுவே, நகரத்தினின்று ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரத்தில், சேன் ஜூலியேன் என்னும் கிராமம் உள்ளது. அக்கிராமத்தில் லாங்கோவா பார்ட்டன், லெயோவில் பார்ட்டன் என்னும் இரண்டு பெயர்களுடன் ஒரே குடும்பத்தார் நடத்தி வரும் திராட்சைப் பண்ணையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

அப்பண்ணையில் விளையும் பழம் மதுவாகவே விற்கப்படுகிறது. குடியைப் புகழ்வது இப்பத்திரிகையின் நோக்கமன்று; அதன் சுவையைப் பற்றி இக்கட்டுரையில் ஒரு வார்த்தையும் இராது. நிலத்தை 1821-ஆம் வருஷம் முதல் துண்டுபடாமல் ஒரு குடும்பத்தார் எவ்வாறு காத்தனர் என்பதும், அதே ஊரில் வேறொரு பெரிய நிலம் எவ்வாறு துண்டுபட்டது என்பதும், பட்டாவும் உட்பிரிவும் கண்டு சலித்த நம் மிராசுதார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் அறியத் தக்கவை.

முதலில் நிலத்தைக் காண்போம். போர்தோவிலிருந்து வடக்கே செல்லும் பாட்டையில் பெய்ஷவெல் என்ற குடியிருப்பைக் கடந்ததும் இருபுறமும் கொடிகளேயன்றி வேறு பயிர் தென்படாது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் குடியானவர் எவரும் ‘இதில் என்ன விளையும்?’ என்றே கேட்பார். கோழி முட்டையளவும் அதனிற் சிறியதுமான கூழாங்கற்கள் நிறைந்து, இடையிடையே மணல் கலந்த சரளை மேடு அது. பிரனே மலைகளிலிருந்தும் பிரெஞ்சு தேசத்தின் நடுமலைகளிலிருந்தும் பண்டைக் காலத்து ஆறுகள் உருட்டி வந்து சேர்த்த கல் இது. நெல்லுக்கோ கோதுமைக்கோ உதவாத இந்த நிலத்தில் மழைநீர் தங்குவதில்லை; வேர் நீரைத் தேடி ஆழச் செல்லுகிறது. பகலில் காய்ந்த கல் இரவில் கொடிக்கு வெப்பத்தைத் தருகிறது. மேட்டிற்கு மேடு இடையிலிருந்த சதுப்புக்களை 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து இஞ்சினீயர்கள் வாய்க்கால் வெட்டி வடித்தனர். வடிகாலில்லாவிடில் இப்பெயர் பெற்ற பண்ணைகளிற் பல தோன்றியே இரா.

கழிமுகம் அருகிலிருப்பதும் ஒரு பெருநன்மை. ஏப்ரல் மாதத்தில் துளிர் விட்ட பின் வரும் உறைபனி அந்நாட்டுக் கொடிகளுக்கு யமன். 1991-லும் 2017-லும் போர்தோ சீமையில் பனியால் பெருநஷ்டம் விளைந்தது. அப்போதும் நீரையொட்டிய மேடுகள் பெரும்பாலும் தப்பின. பெரிய நீர்ப்பரப்பு குளிரைத் தணித்து விடுகிறது.

கொடி வளர்க்கும் முறை நம் கம்பம் பள்ளத்தாக்கினின்று முற்றும் வேறானது. நாம் ஆள் உயரத்துக்கு மேல் பந்தலிட்டுக் கொடியைப் பரப்புகிறோம். வெயிலின் கடுமைக்கு அதுவே தக்கது. அவர்களோ முழங்கால் உயரத்திலேயே தண்டை நிறுத்தி, இருபுறமும் ஒவ்வொரு கிளையை விட்டுக் கம்பியிற் கட்டுகின்றனர். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், கொடிக்குக் கொடி ஒரு மீட்டர் என்பது மேதோக்கின் பழைய அளவு. ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 கொடிகள் ஆகின்றன. கொடி ஒன்றுக்குச் சில குலைகளே விடப்படும். நம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டால் அவர்கள் ஏக்கரில் எடுப்பது சொற்பமே. மிகுதியாக விளைவித்தால் பழத்தின் தரம் கெடும் என்பதும், மேல்வரம்பைச் சட்டமே விதிக்கிறது என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள்.

இனிக் குடும்ப வரலாறு. தாமஸ் பார்ட்டன் என்னும் அயர்லாந்து தேசத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்தோவுக்கு வந்து, 1725-ல் மது ஏற்றுமதி வியாபாரம் தொடங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். ஆயினும் தம் பொருளைக் கொண்டு அயர்லாந்தில் நிலம் வாங்கினாரேயன்றிப் பிரெஞ்சு மண்ணில் திராட்சைப் பண்ணை வாங்கிச் சந்ததிக்கு வைத்தாரில்லை. அந்நிய தேசத்தவன் பிரெஞ்சு மண்ணில் இறந்தால் அவனது சொத்து அரசனையே சேரும் என்பது அக்காலத்துச் சட்டம். தலைமுறைக்கு நில்லாத உடைமையில் எவர் பணம் போடுவர்? புரட்சிக்குப் பின் பலவாறு மாறி, அச்சட்டம் 1819-ல் முற்றும் ஒழிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1821-ல், தாமஸின் பேரரான ஹியூ பார்ட்டன் லாங்கோவாப் பண்ணையை விலைக்கு வாங்கினார். 1758-ல் கட்டிய தாழ்ந்த நீண்ட வீடும், அதன் கீழே நிலவறைகளும் அப்பண்ணையைச் சேர்ந்தவை. இந்த ஹியூ என்பவர் 1793-ல், புரட்சியின் கொடுமை மிகுந்த நாட்களில், சிறையிலிடப்பட்டுப் பின் அயர்லாந்துக்குத் தப்பியவர். அவர் இல்லாத காலத்தில் தானியேல் கெஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரர் வியாபாரத்தை நேர்மையுடன் நடத்தினார். இருவரும் பிற்பாடு கூட்டாளிகளாயினர்.

ஐந்து வருஷம் கழித்து, 1826-ல், ஹியூ அடுத்திருந்த லெயோவில் நிலத்தில் ஒரு பங்கையும் வாங்கினார். பாகப் பிரிவினையின் கதை இங்கேதான் வருகிறது.

லெயோவில் என்பது 18-ஆம் நூற்றாண்டில் மேதோக்கிலேயே மிகப் பெரிய பண்ணைகளுள் ஒன்று. ஏறத்தாழ 300 ஏக்கர் இருக்கும். அதன் பிரபு 1769-ல் நேர்வாரிசின்றி இறந்தார். உறவினர் நால்வர்க்கு உரிமை சென்றது. புரட்சியில் பங்காளிகளுள் ஒருவரான லாஸ்காஸ் பிரபு தேசத்தை விட்டு ஓடவே, அரசாங்கத்தார் ஒரு பகுதியைப் பறிமுதல் செய்து விற்றனர். கடைசியில் ஹியூ பார்ட்டனிடம் வந்து சேர்ந்தது அப்பகுதியே. எஞ்சிய நிலமும் 1840-ல் உடன்பிறந்தார் கிளைகளுக்குள் பாகமாகி, ஒன்று லெயோவில் லாஸ்காஸ் என்றும், மற்றொன்று லெயோவில் புவாபெரே என்றும் பெயர் பெற்றது. ஒன்றாயிருந்த நிலம் இன்று மூன்று உடைமை, மூன்று பெயர், மூன்று நிர்வாகம். 1855-ல் பாரிஸ் பொருட்காட்சியை முன்னிட்டு மேதோக்குப் பண்ணைகளை விற்பனை விலையைக் கொண்டு ஐந்து வகுப்பாகத் தரம் பிரித்தபோது மூன்று லெயோவிலும் இரண்டாம் வகுப்பிலும், லாங்கோவா மூன்றாம் வகுப்பிலும் அமைந்தன. அந்த ஜாபிதாவில் அன்றிருந்த குடும்பத்தாரிடமே இன்றும் உள்ள பண்ணைகள் மிகச் சிலவே. பார்ட்டன் பண்ணைகள் அவற்றுள் அடங்கும்.

லெயோவில் பங்கை வாங்கிய ஹியூவுக்கு அதனோடு வீடோ நிலவறையோ கிடைக்கவில்லை. ஆதலின் அன்று முதல் இரு நிலங்களின் பழமும் லாங்கோவா வீட்டிற்கே வருகிறது. வேலையாட்களும் ஒருவரே, கருவிகளும் ஒன்றே. ஆனால் இரு நிலத்தின் சரக்கையும் கலப்பதில்லை. தனித்தனிப் பெயரிலேயே விற்கின்றனர். லெயோவில் பார்ட்டனின் சீட்டிலும் லாங்கோவா வீட்டின் படமே காணப்படும்.

பிரெஞ்சு தேசத்தில் 1804-ல் ஏற்பட்ட சிவில் சட்டம், தகப்பன் சொத்தைப் பிள்ளைகள் ஆணென்றும் பெண்ணென்றும் மூத்தவரென்றும் இளையவரென்றும் பாராமல் சமமாய்ப் பெற வகை செய்தது. உயில் எழுதியும் இதனை முற்றும் மாற்ற இயலாது. ஒரு பிள்ளையிருந்தால் சொத்தில் பாதியும், இருவரிருந்தால் மூன்றில் இரண்டும், மூவரோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்றும் பிள்ளைகளுக்கென்றே ஒதுங்கி நிற்கும். நீதி இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் தேசத்திலும் பெண் மக்களுக்குச் சம உரிமை 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தால் வந்து விட்டது. ஆனால் நீதியின் பெயரால் நிலத்தையே கயிறு பிடித்து அறுத்துக் கொள்வதன் பலனைக் காண வேண்டின், அத்தேசத்தின் கிழக்கே பூர்கோஞ் நாட்டிலுள்ள குளோ த வூஜோ என்ற தோட்டத்தைப் பார்க்கலாம். சிஸ்தெர்ஸியத் துறவிகள் மதிலெழுப்பி ஒன்றாய் வைத்திருந்த ஏறத்தாழ 125 ஏக்கர் அது. 1889-ல் பலர் கூடி வாங்கியது முதல் பிரிந்து பிரிந்து, இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர் கையில் உள்ளது. ஒரே மதிலுக்குள் சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். மருந்து தெளிப்பதற்கும் பழம் பறிப்பதற்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள்.

பார்ட்டன் குடும்பத்தார் இதிலிருந்து தப்பியதற்குச் சட்டத்தை மீறியது காரணமன்று. நிலத்தோடு வியாபாரமும், அயர்லாந்தில் வேறு சொத்தும் அவர்களுக்கு இருந்தன. பயிரிடுபவர் ஒருவர், ஏனைச் சொத்தைப் பெறுபவர் மற்றொருவர் என்று ஒதுக்க இடமிருந்தது. மூத்தோர் ஸ்தாபித்த வியாபாரக் கழகம் 20-ஆம் நூற்றாண்டில் அந்நியக் கம்பெனியின் வசமாயிற்று. நிலம் மட்டும் போகவில்லை. இவ்வாறு வேறு சொத்தில்லாத சாதாரணக் குடும்பங்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். 1970-ஆம் வருஷ முடிவில் பிரெஞ்சு அரசாங்கத்தார் ஒரு சட்டம் இயற்றி, விவசாய நிலக் குழு என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். நிலம் முழுவதும் குழுவின் பெயரில் நிற்கும். பிள்ளைகள் நிலத்தைப் பெறாமல் குழுவில் பங்குகளைப் பெறுவர். விற்பதாயின் பங்கை விற்கலாமேயன்றி வயலின் நடுவே வரப்புப் போட முடியாது. உழுபவர் குழுவுக்குக் குத்தகை செலுத்துவார். நகரத்தில் உத்தியோகத்திலிருக்கும் தங்கையும் தன் பங்கின் வருமானத்தைப் பெறுவாள். கிராமத்திலிருக்கும் தமையனும் முழு நிலத்தைப் பயிரிடுவான். நம்மில் ஓர் ஏக்கரை நான்காக்கி, நான்குக்கும் தனித்தனி வழியும் வாய்க்காலும் கேட்டு வழக்காடும் சகோதரர்கள் இதனை ஆராய்வது நலம்.

1940-ல் ஜெர்மானியர் போர்தோவைப் பிடித்தபோது பண்ணை நடத்தி வந்தவர் ரொனால்ட் பார்ட்டன். அவர் பிரிட்டிஷ் பிரஜையாதலால் தேசத்தை விட்டு வெளியேறினார். எதிரியின் சொத்தெனப் பண்ணை பறிமுதலாயிருக்கும். கூட்டாளியான கெஸ்தியே குடும்பத்தார், உடைமையாளர் அயர்லாந்து தேசத்தவர் என்றும், அயர்லாந்து யுத்தத்தில் சேராத தேசம் என்றும் வாதாடிக் காத்தனர். யுத்தம் முடிந்து ரொனால்ட் திரும்பியபோது நிலம் இருந்தது. கொடிகள் மட்டும் கவனிப்பின்றி மெலிந்திருந்தன. அவருக்கு மக்களில்லை. சகோதரர் மகனான அந்தொனி பார்ட்டன் 1951-ல், 21 வயதில், வந்து சேர்ந்தார். பண்ணை அவர் பெயருக்கு மாறியது 1983-ல்தான். முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தார். விளைச்சல் நன்றாயிருந்த வருஷங்களில் அண்டைப் பண்ணையார் விலையை ஏற்றிய போதும் தாம் மிதமாகவே விற்றவர் என்று வியாபாரிகளிடையே அவருக்கு நற்பெயர். 2022 ஜனவரியில் காலமானார். அவர் குமாரத்தி லிலியன் பார்ட்டன் சார்த்தோரியுஸும், அவருடைய மக்களும் இன்று நிர்வகிக்கின்றனர். இரண்டு பெயரிலும் சேர்ந்த நிலம் ஏறத்தாழ 170 ஏக்கர்.

வருஷத்து வேலைகளைச் சுருக்கிச் சொல்லுகிறேன். பனிக்காலத்தில் கவாத்து, ஏப்ரலில் துளிர், ஜூனில் பூ, ஆகஸ்டில் காய் நிறம் மாறுதல், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கையால் அறுவடை. வருஷத்துக்கு ஒரே மகசூல். நம் கம்பத்தில் கொடி உறங்குவதில்லையாதலால் கவாத்தைக் கொண்டு நாம் பருவத்தை வகுத்துக் கொள்கிறோம். அவர்களுக்குப் பருவமே எஜமானன். மேதோக்கில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலையாளுக்கும் குறித்த அளவு கொடிகளை ஒப்படைத்து, கவாத்து முதல் கட்டுவது வரை வருஷ வேலைக்கு ஒரு கூலி பேசி விடுவர். ஒருவன் போன வருஷம் தவறாக வெட்டிய கிளை இந்த வருஷம் அவன் கண் முன்னேயே நிற்கும். மேஸ்திரி கூவுவதை விட இது பயன் தருவது என்பது என் எண்ணம்.

நோய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து செடிகளோடு வந்த பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் 1863 முதல் பிரெஞ்சுக் கொடிகளை அழிக்கத் தொடங்கியது. வேரைக் கடித்துக் கொடியைப் பட்டுப்போகச் செய்யும் அப்பூச்சிக்கு மருந்து காண்பவர்க்கு அரசாங்கத்தார் 3,00,000 பிராங்கு பரிசு அறிவித்தும், எவருக்கும் கொடுபடவில்லை. முடிவில் அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவதே வழியாயிற்று. இன்று அந்தத் தேசத்தில் ஏறக்குறைய எல்லாக் கொடியும் ஒட்டுக் கொடியே.

அதே வழியில் வந்த இரண்டாம் சனியன் அடிச்சாம்பல் நோய், 1878-ல் தோன்றியது. இதற்கு மருந்து பிறந்த இடம் சேன் ஜூலியேனே. 1882 அக்டோபரில் போர்தோப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் மில்லார்தே, பார்ட்டன் பண்ணைக்கு அண்மையிலுள்ள தூக்ரு போகாயு பண்ணையின் வழியே சென்றார். மற்றெங்கும் இலையுதிர்ந்து கிடக்க, பாட்டையோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருந்தன. வழிப்போக்கர் பழம் திருடாதபடி, விஷம் போல் தோன்ற வேண்டித் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவற்றின் மேல் தெளித்திருந்தனர்! பண்ணை மானேஜர் எர்னெஸ்ட் தாவீதின் உதவியோடு சோதனைகள் நடத்தி, 1885-ல் மில்லார்தே முறையை வெளியிட்டார். அவர் முதலிற் சொன்ன அளவு 100 லிட்டர் நீரில் 8 கிலோ துத்தமும், 30 லிட்டர் நீரில் 15 கிலோ சுண்ணாம்பும் ஆகும். நாம் இன்று வழங்கும் ஒரு சத வீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் துத்தம் ஒரு கிலோ, நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோ போதும்.

நான் கொடிக்கால்களில் தெளித்துக் காட்டும்போதெல்லாம் வற்புறுத்துவதையே இங்கும் சொல்லுகிறேன். இரும்புப் பாத்திரம் கூடாது. துத்த நீரையும் சுண்ணாம்பு நீரையும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். துலக்கிய கத்தியை ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

மருந்தே கேடாகும் என்பதையும் அந்தத் தேசமே முதலில் உணர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் தெளித்த செம்பு மண்ணிலிருந்து கரைந்து போவதில்லை. மண்புழுவையும் நுண்ணுயிர்களையும் வருத்துகிறது. ஐரோப்பிய யூனியனார் 2019 முதல், ஹெக்டருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் இடலாகாது என்று வரம்பு கட்டினர். நம் கணக்கில் ஏக்கருக்கு வருஷம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ செம்பு, அதாவது ஆறரைக் கிலோ துத்தம். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வீதம் தெளிப்பவருக்கு மூன்று தெளிப்போடு வரம்பு நெருங்கி விடும். நம் தோட்டங்களில் நோயிருந்தாலும் இல்லாவிடினும் மாதந்தோறும் தெளிப்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பெயர்பெற்ற இத்தகைய பண்ணைகளைக் கண்டு போர்தோச் சீமை முழுவதும் செழிப்பென்று எண்ணலாகாது. மது அருந்துவோர் தொகை அத்தேசத்திலேயே குறைந்து வருகிறது. சிறு பயிர்க்காரர் பலர் சாகுபடிச் செலவுக்கும் விலை கட்டாமல் தவிக்கின்றனர். 2023-ல் ஏறத்தாழ 9,500 ஹெக்டர் கொடியைப் பிடுங்கிவிட, ஹெக்டருக்கு 6,000 யூரோ வீதம் உதவித் திட்டம் ஏற்பட்டது. பாட்டன் நட்ட கொடியைப் பேரன் பணம் பெற்றுக் கொண்டு வேரோடு பிடுங்குகிறான். பார்ட்டன் பண்ணையை நிறுத்துவது ஊர்ப்பெயரின் மதிப்பும்தான். சேன் ஜூலியேன் என்ற பெயரை அவ்வெல்லைக்குள் விளைந்ததற்கன்றி வேறு சரக்குக்கு இடலாகாது என்ற சட்ட உரிமை 1936-ல் ஏற்பட்டது. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இவ்வகையைச் சேர்ந்ததே. சான்றிதழை மாட்டி வைப்பதோடு நில்லாமல், பெட்டியிலும் விலைச்சீட்டிலும் அப்பெயரை இட்டு விற்கும் பொறுப்பு விளைவிப்போருடையது.

அந்தத் தேசத்துக்குச் செல்ல வாய்க்கும் வாசகர்கள், இப்பண்ணைகளை முன்கூட்டி எழுதி நாள் குறித்துக் கொண்டே பார்க்க இயலும். அறுவடை வாரங்களில் பண்ணையார்க்கு ஓய்விராது. கவாத்து முறையைக் காண விரும்புவோர் ஜனவரி, பிப்ரவரியிலும், கொடி கட்டும் வேலையைக் காண விரும்புவோர் மே, ஜூனிலும் செல்வது உத்தமம். கூழாங்கல் நிலத்தில் நடக்கத் தடித்த அடியுள்ள பாதரட்சை வேண்டும்.